பெயர் சொல்லாத ஜெபம்

பாடகர் குழு எழுந்து, பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுகிற கிராதிப் பக்கம் போகத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம், அதற்கும் பிறகுதான் பெண்கள் பக்கம். அந்தக் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்கப் போகிற வரிசையை எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர் வகுத்துவைத்தார், இன்றுவரை யாரும் மாற்றவில்லை. ஆகவே தங்கபுஷ்பம் டீச்சருக்கு நேரம் இருந்தது. நேரம் இருப்பதுதான் இப்போதெல்லாம் தொந்தரவு. முன்பு இந்த நேரத்தை அவள் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாதபடி உட்கார்ந்து கழித்துவிடுவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி முதல் வரிசையில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பின்னால் இருக்கிறவர்கள் குசுகுசுப்பை நிறுத்தி முக்காட்டைச் சரிசெய்வார்கள். இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவை, மடிப்புக் கலையாமல். மடியில் வேதாகமம், அதன்மேல் மடித்த கைக்குட்டை. உள்ளேதான் ஜெபம் எதுவும் ஓடவில்லை, ஓடுவதெல்லாம் மூன்றாவது வரிசைத் தூணோரத்துக்கே ஓடிப் போய் நின்றுகொள்கிறது. ராஜகனி அங்கே இருக்கிறாள், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, அந்த வறட்டு இருமலைக் கேட்டாலே போதும். ராஜகனி இன்றைக்கும் எழமாட்டாள். ஈஸ்டருக்கும் எழவில்லை, அதற்கு அடுத்த மாதமும் எழவில்லை. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் கிராதிக்குப் போகக்கூடாது, தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்த ஊரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் திருவிருந்து ஞாயிறு என்றால் ஊரே ஓரக்கண்ணால் பார்க்கிற நாள். எழாமல் உட்கார்ந்திருக்கிறவள் யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஆண்கள் பக்கம்வரை போய்விடும். ராஜகனி தன் நாத்தனார் எமீமாளோடு பேசுவதில்லை, அதனால்தான் எழுவதில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காரணம் தப்பு என்பது டீச்சருக்குத் தெரியும்.

தப்பு என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறு. நான் பெயர் சொல்லவில்லை. இதை அவள் எத்தனை முறை தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள், சொல்லச் சொல்லத் தேய்ந்துபோன வாக்கியம். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ராஜகனி அன்றைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தது மத்தியானத்துக்கு மேலே. செருப்பைக் கழற்றும்போதே அழுகிற முகம். அவள் மகள் பெனிட்டாவுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல இடம், ஜெபிக்கிற குடும்பம், பையனுக்குக் கப்பலில் வேலை. டீச்சர்தான் நிச்சயத்தில் ஆரம்ப ஜெபம் பண்ணினாள். ராஜகனி அடுக்களைக்குள்ளேயே வந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரும் இல்லாத வீட்டில் குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், பிள்ளைக்கு சின்னதுல வலிப்பு இருந்துச்சி. இப்பம் இல்ல. மாத்திர சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கா, ஒண்ணும் வாரதில்ல. அவ அத்தை எமீமாதான் தூத்துக்குடியில டாக்டரக் கண்டு வாங்கியாந்து குடுக்கா. மாப்பிள்ள வீட்டுல எப்படிச் சொல்லணும், எப்பம் சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நீங்க ஜெபத்துல வச்சுக்கிடுங்க. உங்க மனசோட இருக்கட்டும்." இருக்கும் ராஜகனி, என்றாள் டீச்சர். தோளைத் தொட்டாள். தொட்டபோது மனசார இரக்கப்பட்டாள், அதில் வேஷம் இல்லை. அந்த இரக்கம் மெய்தான் என்று இப்போதும் எந்தப் பீடத்துக்கு முன்னாலும் சொல்வாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை நடந்தது என்ன? அந்த இரக்கம் எங்கே போயிருந்தது? போகவில்லை, கூடவேதான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிபடாத இடம். இரக்கம் இருக்கும்போதே அது நடந்தது.

ஆண்கள் பக்கம் எழ ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பில்லாத கால்களின் சத்தம், மெதுவாக, மழை தூறுகிறது போல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் சங்கக் கட்டடத்தில் நடக்கும். அன்றைக்குக் கரண்டு இல்லை. ராஜகனி வரவில்லை, கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தாள். வந்தவர்களுக்கும் மனம் ஒட்டவில்லை, வெயில், வெறும் வயிறு, விசிறிக்கொள்கிற பனையோலைச் சத்தம். ஒவ்வொருத்தியாக ஜெபித்தார்கள். எல்லாம் வழக்கமான ஜெபம், தேசத்துக்காக, மழைக்காக, பிஷப்புக்காக. "ஸ்தோத்திரம்" என்று வருகிற பதில் சத்தமும் தூக்கக் கலக்கத்தில் வந்தது. கடைசியில் டீச்சர் தொடங்கினாள். தொடங்கினால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், அது அவள் பேர். அன்று நிமிரவில்லை. அவள் குரலை உயர்த்திப் பார்த்தாள், தாழ்த்திப் பார்த்தாள். யாரோ ஒருத்தி கொட்டாவி விட்டாள், கண்ணை மூடியிருந்தாலும் கொட்டாவி கேட்கும். அப்போதுதான் வாய் அந்தப் பக்கம் திரும்பிற்று. ஆண்டவரே, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்தருளும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நரம்புகளைத் தொடும் ஆண்டவரே. விசிறிச் சத்தம் நின்றது. நின்றதை அவள் கேட்டாள். கேட்டாளா? கேட்டாள். சின்ன வயசிலிருந்து வருகிற அந்த வலிப்பின் வேரைப் பிடுங்கிப்போடும், மாத்திரைக்கு அடிமையாக இராதபடி அவளை விடுவியும், உண்மையை மறைத்து ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க விடாதேயும். அப்போது எழுந்தது பார், ஒரு ஸ்தோத்திரம், கட்டடமே நிமிர்ந்த மாதிரி. பெண்கள் அழுதார்கள். அவளும் அழுதாள், கன்னம் நனைய, நெஞ்சு லேசாக. ஆவியானவர் இறங்கினார் என்று வெளியே வரும்போது ஞானசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஞானசெல்வியின் பெரியம்மா மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது மாப்பிள்ளை வீட்டுத் தெருவில். அது தங்கபுஷ்பத்துக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. இல்லையா? ஞாபகம் இல்லை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை, அது நிஜம். அந்த மாதத்தில் சபையில் நிச்சயமாகியிருந்தது ஒரே ஒரு பெண்ணுக்கு என்பதும் நிஜம்.

அதற்கு மேல் நடந்தது ஊருக்குத் தெரிந்த கதை. மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்தார்கள், காப்பி குடிக்கவில்லை, நிச்சயத் தாம்பூலத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். "நாங்களும் ஜெபிச்சோம், கர்த்தருக்குச் சித்தம் இல்லன்னு தெரியுது" என்றார்களாம். யார் சொன்னது, யார் சொன்னது என்று ராஜகனி வீட்டில் தேடினார்கள். டீச்சரிடம் சொன்னதை ராஜகனி கணக்கிலேயே சேர்க்கவில்லை, அது ஜெபத்துக்குச் சொன்னது; மற்றபடி மாத்திரை விஷயம் வீட்டுக்கு வெளியே தெரிந்தவள் எமீமாள் ஒருத்திதான், அவள் மகளும் கல்யாணத்துக்கு நிற்கிறாள், பொறாமை இல்லாமல் இருக்குமா என்று யாரோ எடுத்துக்கொடுக்க அது அப்படியே பிடித்துக்கொண்டது. எமீமாள் எத்தனையோ வருஷமாகப் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்து, தன் புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவள். அவள் சத்தியம் பண்ணவில்லை. "நான் சொல்லல மைனி" என்று ஒரு தடவை சொன்னாள், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் வந்து உட்காருகிறாள், மாதாமாதம் எழுந்து போய் கிராதியில் முழங்கால் போடுகிறாள். மனசில் ஒன்றும் இல்லாதவள் போகிறாள், அவ்வளவுதான். ஊர் அதற்கு நெஞ்சழுத்தம் என்று பேர் வைத்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் எங்கே கேட்டோம் என்று தெரியும். அவர்கள் யாரும் அதை டீச்சர் சொன்னதாக நினைக்கவில்லை. டீச்சர் ஜெபம் அல்லவா பண்ணினாள்? அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னபோதும் ஜெபம் பண்ணுங்கள் என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். பாவம், அத்தனை பேரும் ஜெபித்தே அந்தப் பிள்ளையைக் கவிழ்த்தார்கள். நிச்சயம் முறிந்த வாரத்தில் டீச்சர் ஆறுதல் சொல்லப் போனாள். போகாமல் இருந்தால் வித்தியாசமாகப் படும் என்று போனாள், இப்படி ஒளிக்காமல் யோசிப்பது இந்தக் கொஞ்ச நாளாகத்தான். பெனிட்டா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள், தலை சீவி, பொட்டில்லாத நெற்றி பளிச்சென்று இருந்தது. அவள் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு கோயிலுக்கே வரவில்லை. டீச்சர் வழக்கம்போல, ஒரு வார்த்தை ஜெபிப்போமா என்று கையை நீட்டினாள். பிள்ளை டம்ளரை நேராக வைத்தாள். "எனக்காவ நீங்க ஜெபம் பண்ணாண்டாம் டீச்சர்" என்றாள். கோபமே இல்லை, சீனி வேண்டாம் என்று சொல்கிற குரல். ராஜகனி மகளை வைதாள், டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிள்ளைக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டாளா? அந்த டம்ளர் மேசையில் உட்கார்ந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஆண்கள் பக்கத்துப் பாதி காலியாகிவிட்டது. அதோ அவள் வீட்டுக்காரர், ஆசீர் துரை, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிராதிப் படியில் மெல்ல ஏறுகிறார், முழங்கால் வலி. சபையில் நாலு வார்த்தை சேர்த்து ஜெபிக்கத் தெரியாத மனுஷன். விடியற்காலையில் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், என்ன பண்ணுகிறீர்கள் என்றால், சும்மா இருக்கேன் என்பார். ஒருநாள் அவள் சத்தமாக ஜெபித்து முடித்தபோது, "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் புஷ்பம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை அவள். போன தியான முகாமில் அவள்தான் பேச்சாளர். இலையைப் பார்த்து ஏமாறாதிருங்கள், கனி இருக்கிறதா என்று கிளையை விலக்கிப் பாருங்கள் என்று பேசினாள். பெண்கள் எழுதிக்கொண்டார்கள், வேறு சேகரத்துச் சபைகளிலிருந்தும் அழைப்பு வந்தது. அந்தக் கேள்வி அவளை இத்தனை நாள் தொட்டதே இல்லை, மேடையிலிருந்து மற்றவர்களைப் பார்த்து எறிந்த கேள்வி அல்லவா. இப்போது தொடுகிறது. விலக்கிப் பார்த்தால் என்ன இருக்கிறது? என்னால் ஒருத்தி கூடுதலாகச் சந்தோஷமாக இருக்கிறாளா? என்னால் ஒருத்தியாவது பொய்யை விட்டாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறாள். பாராட்டின முகங்கள் வருகின்றன, அழுத முகங்கள் வருகின்றன, வேறொன்றும் வரவில்லை. ஒன்று வருகிறது. தூணோரத்தில் இருமிக்கொண்டு ஒருத்தி, செய்யாத குற்றத்துக்காக நாத்தனாரை வெறுத்து, அந்த வெறுப்புக்குப் பயந்து, மாதாமாதம் அப்பத்துக்கு வராமல் உட்கார்ந்திருக்கிறாள். என் ஜெபத்தால் விளைந்தது அதுதான். அது மட்டும்தான். சொல்லிவிட்டால்? சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அவள் வாசலில் ஜெபத்துக்கென்று வந்து நிற்கிற செருப்புகள் எல்லாம் காணாமல் போகும். ஞானசெல்வி முதல் ஆளாகப் பேசுவாள். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயங்கரம், ஒன்றுமே ஆகாது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இதே வரிசையில் இதே புடவையில் உட்காரலாம், செத்தால் பெரிய அடக்க ஆராதனை நடக்கும்.

பெண்கள் பக்கத்துக்கு சபைக் குருவானவர் ஐயர் தலையசைத்தார். முதல் வரிசை எழுந்தது. பக்கத்தில் இருந்தவள், டீச்சர் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள், எப்போதும் அப்படித்தான். தங்கபுஷ்பம் எழவில்லை. தீர்மானித்து எழாமல் இருக்கவில்லை, கால் வரவில்லை. முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பி வழி விட்டாள். ஒவ்வொருத்தியாக அவள் முழங்காலை உரசிக்கொண்டு கடந்து போனார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு கணம் தயங்கினாள். முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பு கிளம்பி, வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போயிற்று. அவளுக்கு அது கிட்டத்தட்ட நிம்மதியாக இருந்தது. நினைக்கட்டும், டீச்சருக்கும் யாரோடோ ஏதோ இருக்கிறது என்று நினைக்கட்டும். இரண்டாம் வரிசை போயிற்று. மூன்றாம் வரிசை எழுந்தது, அதிலும் ஒருத்தி எழவில்லை. பின்பு அந்த இருமல் பக்கத்தில் கேட்டது. ராஜகனி முன்வரிசைக்கு வந்து, காலியாய்க் கிடந்த இடத்தில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காவயா டீச்சர்?" என்றாள். டீச்சருக்குப் புரியவில்லை. "நான் இப்படி அப்பம் வாங்காமப் பட்டினி கெடக்கேம்னுதான நீங்களும் போவாம இருக்கிய? எனக்குத் தெரியும். உங்களப் போல ஆளு யாரு இருக்கா." அவள் தங்கபுஷ்பத்தின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "போதும் டீச்சர். என்னால நீங்க விட்டுக் கொடுக்காண்டாம். நான் எமீமாவ மன்னிச்சிட்டேன். இப்பம், இந்த நிமிசம், உங்களப் பாத்த ஒடனே மன்னிச்சிட்டேன். எந்திரிங்க, ரெண்டு பேருமாப் போவோம்." பின்னால் யாரோ விம்முவது கேட்டது. ஞானசெல்வியாகத்தான் இருக்கும், அவளுக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும். தங்கபுஷ்பத்தின் நெஞ்சு லேசாயிற்று. அந்த லேசை அவளுக்குத் தெரியும். விசிறிச் சத்தம் நின்ற அந்த வெள்ளிக்கிழமை நெஞ்சுக்குள் இருந்ததும் இதுதான், இதே இனிப்பு. எழுந்துவிடலாம். இதுவும் கனிதானே, என்னைப் பார்த்து ஒரு குடும்பம் ஒன்று சேர்கிறது, ராஜகனி அப்பம் வாங்குவாள், எமீமாளை ஊர் விட்டுவிடும், எல்லோருக்கும் நல்லது. மனம் அதற்குள் வெள்ளிக்கிழமைக்கு வார்த்தை கோக்க ஆரம்பித்துவிட்டது, சகோதரிகளே, போன ஞாயிறு கர்த்தர் ஒரு காரியம் செய்தார் என்று. தொடக்க வாக்கியம் வந்துவிட்டது, அழகாகவே வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைக் கண்டு அவள் பயந்துபோனாள். எமீமாளுக்கு மன்னிப்பு. என்னத்துக்கு மன்னிப்பு?

"எமீமா சொல்லல," என்றாள். மறுபடி சொன்னாள். "ராஜகனி, எமீமா சொல்லல." ராஜகனி இன்னும் சிரித்த முகமாகவே பார்த்தாள். "போட்டும் டீச்சர், அதத்தான் விட்டுட்டேன்கேம்லா." "இல்ல. நான்தான். நீ புடவ எடுக்கப் போன அன்னைக்கு. வெள்ளிக்கிழம கூட்டத்துல. வலிப்பு, மாத்திர, எல்லாம் சொன்னேன். பேரு சொல்லல. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிது. தெரியும்னு எனக்கும் தெரிஞ்சிது." வாழ்க்கையில் அவள் இவ்வளவு அசிங்கமாக, இவ்வளவு முடிச்சு முடிச்சாகப் பேசியதில்லை. ராஜகனியின் கை இறுகவும் இல்லை, விடவும் இல்லை. அவள் முகத்தில் எதையோ கூட்டிப் பார்க்கிற தோற்றம். "கூட்டத்துலன்னா," என்றாள். "ஜெபத்துலயா?" "ஆமா." ராஜகனி பீடத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "கண்ண மூடிக்கிட்டா டீச்சர் சொன்னிய?" என்று கேட்டாள். ராஜகனி கையை எடுத்துக்கொண்டாள், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவைக்கிற கவனத்தோடு டீச்சரின் கையை அவள் மடியிலேயே, வேதாகமத்தின் மேல் வைத்தாள். எழுந்தாள். கிராதிக்குப் போகவில்லை. நடுவழியே பின்னுக்கு நடந்தாள், தன் தூணைத் தாண்டி, அதற்கும் பின்னுக்கு, எமீமாள் உட்கார்ந்திருக்கிற கடைசி வரிசைப் பக்கம். கோயில் முழுக்கக் கழுத்து திரும்பிற்று. தங்கபுஷ்பம் திரும்பவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், அழுகை கேட்கும், அல்லது வசவு கேட்கும் என்று. ஒன்றும் கேட்கவில்லை. பாடகர் குழு பாட்டைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தது. பழக்கத்தில் கண்ணை மூடினாள். மூடிய வேகத்தில் திறந்துகொண்டாள். கடைசி ஆட்களும் படி இறங்கிவிட்டார்கள். ஐயர் மீந்த அப்பத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் யாராவது உண்டா என்று வழக்கம்போலச் சபையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த டீச்சரிடம் வந்து நின்றது, தட்டைச் சற்று உயர்த்திக் காட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இதற்குள் ஏதோ பெரிய அர்ப்பணிப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டவராக ஐயர் அவளுக்கு மரியாதையாகத் தலை வணங்கிவிட்டு, பாத்திரங்களை வெள்ளைத் துணியால் மூடினார்.